எல்லார் கனவிலும் நைனா

பால்காரம்மா பிரபாவதி பாலை ஊற்றிய பிறகும் போகாமல் வாசலிலேயே நின்றதைத் தமிழ்மணி ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் எதற்கு நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். அந்த வாசலில் இப்படி வந்து நின்ற முதல் ஆள் அவள் இல்லை.

"அம்சா, விடியக்காலைல உங்க மாமனாரு வந்தாரும்மா" என்றாள் பிரபாவதி.

"எங்கக்கா?"

"கனாவுலதான். எங்க மாட்டுக் கொட்டாயில குந்திக்கினு, ஒரு டீ குடு பிரபா, சக்கரை தூக்கலான்னாரு. உசுரோட இருந்தப்ப சுகருன்னு சொல்லி வாயக் கட்டிப் போட்டீங்க இல்ல, அதான் என்னாண்ட வந்து கேட்டிருக்காரு. ஒரு டம்ளர் போட்டு படத்துக்கு முன்னால வெச்சிடு."

அம்சவள்ளி பால் பாத்திரத்தோடு திரும்பிக் கணவனைப் பார்த்தாள். தமிழ்மணி அவசரமாக ஷூவுக்குப் பாலிஷ் போட ஆரம்பித்தான். அது ஏற்கெனவே பாலிஷ் போட்ட ஷூ.

விஷயம் இதுதான். தமிழ்மணியின் அப்பா பூமாலை, விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை தூக்கியே மகனை டிப்ளமா வரை படிக்க வைத்த மனிதர். போன மாசியில் காலமானார். காரியம் முடிந்த கையோடு தெருவில் ஒவ்வொருத்தர் கனவிலும் ஆஜராக ஆரம்பித்தார். மகள் இசைவாணியின் கனவில் வந்து கேப்பைக் கூழும் சுட்ட கருவாடும் கேட்டார். கூட மூட்டை தூக்கிய தேவசகாயத்திடம் பீடி கேட்டார். தேவசகாயம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். "எங்க வழியில இதெல்லாம் கிடையாதுப்பா. ஆனா வந்து நிக்கிறானே, இன்னா பண்றது" என்று ஒரு கட்டு பீடியைப் படத்துக்கு முன்னால் வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகும்போது அதிலிருந்து ஒன்றை உருவிக் காதில் செருகிக்கொண்டு போனார்.

சாக்கடைத் தண்ணீருக்காகப் பூமாலையோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த எதிர்வீட்டுக்காரர் கனவில்கூட வந்து சிரித்துவிட்டுப் போனாராம். கொள்ளி வைத்த ஒரே மகனின் கனவில் மட்டும் வரவில்லை.

செத்தவர்கள் கனவில் வந்து கேட்பதும், கேட்டதை வாங்கிப் படைப்பதும் அந்தத் தெருவில் கேஸ் சிலிண்டர் வருவதைப் போல சாதாரணம். அதனால் யாரைப் பார்த்தாலும் "உன்னாண்ட இன்னா கேட்டாரு?" என்பதே முதல் கேள்வியாக இருந்தது. தமிழ்மணி தலையைச் சொறிவான். கேட்டவர்கள் "ஓ" என்பார்கள். அந்த ஒற்றை எழுத்தில் அவனுக்கு மானம் போய்விடும்.

நைனா ஏன் வரவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அவன் திண்டிவனத்தில் ஒரு டூ வீலர் ஷோரூமில் சர்வீஸ் பிரிவில் வேலை பார்க்கிறான். கண்ணாடிக் கதவு, ஏசி, இஸ்திரி போட்ட யூனிஃபார்ம். நைனா அவனிடம் ஆயுசில் கேட்டது ஒன்றே ஒன்று. "உன் கடைய ஒருதபா பாக்கணும்டா, கூட்டிக்கினு போ." கைலியும் தலையில் முண்டாசும் தோளில் காய்ப்பேறிய தழும்புமாக அவர் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வருவதை நினைத்துப் பார்த்த தமிழ்மணி, "ஒரு வெள்ளை சட்டை எடுத்துத் தர்றேன் நைனா, அதைப் போட்டுக்கினு வா. அடுத்த மாசம்" என்றான். அடுத்த மாசம் என்பது பல மாசம் வந்து போயிற்று. சட்டை வாங்கவில்லை. ஒருநாள் மத்தியானம் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்த நைனா அப்படியே சாய்ந்துவிட்டார்.

பெற்ற அப்பனைப் பார்த்து வெட்கப்பட்டவன் கனவில் அவர் எதற்கு வரப்போகிறார்? இதை வெளியே சொல்லவும் வாய் வரவில்லை. சொன்னால் அம்சவள்ளியே அவனைத் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா இசைவாணி வந்தாள். பையைக்கூட கீழே வைக்கவில்லை.

"இன்னாடா, உன் கனாவுல நைனா வந்தாரா இல்லியா? பால்காரம்மா கனாவுலகூட வந்துட்டாராம். பெத்த புள்ளைய வுட்டுட்டு மாட்டுக் கொட்டாயில போய் குந்திக்கினு இருக்காருன்னா இன்னா அர்த்தம்? நீ அவரை இன்னா பண்ண?"

அம்சவள்ளியும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வந்தாரே" என்றான் தமிழ்மணி.

"எப்ப? எங்களாண்ட சொல்லவே இல்ல?"

"நேத்துதான்."

"இன்னா கேட்டாரு?"

மனசுக்குள் உறுத்திக்கொண்டிருந்ததே வாயில் வந்தது. "வெள்ளை சட்டை."

இசைவாணி முகத்தைச் சுருக்கினாள். "நைனா வெள்ளை சட்டையே போட்டதில்லியேடா. அரைக்கையா, முழுக்கையா?"

"அரைக்கை."

"சட்டை மட்டுமா? சாப்பிட ஒண்ணியும் கேக்கலியா? பாவம், பசியோட போயிருப்பாரு. வர்ற அமாவாசைக்கு சொந்தக்காரங்கள எல்லாம் கூப்ட்டு பெருசா படையல் போட்டுடலாம்."

பொய்யை இத்தோடு சின்னதாக முடித்துக்கொள்ளலாம் என்று தமிழ்மணி நினைத்தான். "இல்லக்கா, கூட்டம் வேணாம்னாரு. வூட்டோட பண்ணா போதும்னாரு."

இசைவாணியின் முகம் மாறியது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "புரியுது. செத்தும் கோவம் போகல" என்று கிளம்பிவிட்டாள்.

"இப்ப நான் இன்னா சொல்லிட்டேன்?" என்று மனைவியைக் கேட்டான்.

"உங்க மாமாவ வர வேணாம்னு சொல்லிட்டீங்க" என்றாள் அம்சவள்ளி.

மாமா என்பது அக்கா புருஷன் சேரன். ஒரு காதுகுத்தில் பூமாலை தன் கையாலேயே கறி பரிமாறினார். நல்லி எலும்பைச் சேரன் இலையைத் தாண்டிப் பக்கத்து இலைக்கு வைத்துவிட்டார். மருமகன் எழுந்து கை கழுவிக்கொண்டு போனவர்தான். அதற்கப்புறம் மாமனார் வீட்டில் தண்ணீர்கூட குடிக்கவில்லை. நைனா இறந்த அன்றும் வந்தார், மாலை போட்டார், தெருமுனை கடையில் டீ குடித்துக்கொண்டார்.

சாயங்காலமே சேரனிடமிருந்து போன் வந்தது.

"மாப்ள, ஒரு வார்த்த கேக்கறேன், மறைக்காம சொல்லு. கூட்டம் வேணாம்னு மாமா சொன்னது என்னத்தானே?"

"ஐயோ மாமா, அப்பிடி இல்ல."

"பின்ன யாரை? உங்க வூட்டு பக்கம் கூட்டம்னா அது நானும் என் தம்பிங்களும்தான்."

"உங்களத்தான் மாமா மொதல்ல விசாரிச்சாரு" என்றான் தமிழ்மணி.

சேரனின் குரல் இறங்கி வந்தது. "இன்னான்னு?"

"சேரன் நல்லா இருக்கானான்னாரு. மொத இலை அவனுக்குத்தான் போடணும்னாரு."

"அந்த நல்லி எலும்ப பத்தி எதுனா சொன்னாரா?"

பொய் சொல்ல வருகிற எவனுக்கும் எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். தமிழ்மணிக்கு அந்தப் படிப்பு இல்லை. "தப்பு பண்ணிட்டேன்னாரு மாமா. கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு."

அந்தப் பக்கம் சேரன் விக்கி விக்கி அழுதார். ஐம்பது வயது மனிதர் ஒரு பொய்யைக் கேட்டு அப்படி அழுவதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பது சாதாரண தண்டனை இல்லை. தமிழ்மணி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

மனம் திருந்திய சேரன் கோபப்பட்ட சேரனைவிட ஆபத்தானவர். படையல் செலவு மொத்தமும் தன்னுடையது என்று அறிவித்தார். ஷாமியானா சொன்னார், பிரியாணிக்கு அண்டா சொன்னார், மைக் செட் சொன்னார். மூன்றாம் நாள் தெருமுனையில் ஒரு பிளெக்ஸ் எழும்பியது. பஸ் போகிற ரோட்டில் இன்னொன்று.

"கனவில் தோன்றி அன்புக் கட்டளையிட்ட அய்யா பூமாலை அவர்களின் ஆசையை நிறைவேற்றும் மாபெரும் படையல் விழா" என்று எழுதியிருந்தது. மேகங்களுக்கு நடுவே பூமாலையின் தலையை யாரோ ஒருவருடைய கோட்டுப் போட்ட உடம்பின்மேல் ஒட்டியிருந்தார்கள். கீழே கைகூப்பிய தமிழ்மணி. அவன் படத்துக்கு அடியில் சிவப்பு எழுத்தில் "கனவு கண்ட தவப்புதல்வன்" என்று போட்டிருந்தது.

அதைப் பார்த்த தமிழ்மணி ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே வீட்டுக்குள் போனான்.

மறுநாளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "அடுத்ததபா வந்தா எங்க வூட்டுக்காரர அங்க பாத்தாரான்னு கேளு" என்றாள் பிரபாவதி. தேவசகாயம் அவனை ஓரமாகக் கூட்டிப்போனார். "சைக்கிள் பம்ப வாங்கிக்கினு போனான் உங்கப்பன். எங்க வெச்சான்னு ஒரு வார்த்த கேட்டு சொல்லுப்பா. என்னாண்ட வந்தா பீடி கேக்கறதோட சரி, நான் கேக்கறதுக்குள்ள போயிடறான்."

"கேக்கறேன்" என்றான் தமிழ்மணி. சொல்லும்போது காது மடல் சுட்டது.

பொய்யை அழிக்க வழியில்லை. அதை உண்மையாக்க ஒரே வழிதான் இருந்தது. அமாவாசைக்குள் எப்படியாவது நைனாவைக் கனவில் வரவழைத்துவிட வேண்டும். ஷோரூமில் பில்லிங் பார்க்கிற ரிஸ்வானா கல்லூரியில் சைக்காலஜி படித்தவள். சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் பேச்சுக் கொடுத்தான்.

"ஏம்மா, மனுசனுக்குக் கனவு எதுக்கு வருது?"

"பகல்ல பாத்தது, கேட்டது, பயந்தது எல்லாத்தையும் தூங்கறப்ப மூளை எடுத்து அடுக்கி வெக்குதாம் சார். அதான் கனவுன்னு சில பேரு சொல்றாங்க. மனசுல இருக்கிற பயத்த, துக்கத்த பழகிக்கிறதுக்குன்னு வேற சில பேரு சொல்றாங்க. முழுசா இன்னும் யாருக்கும் தெரியாதுன்னுதான் எங்க மேடம் சொன்னாங்க."

"இன்னார்தான் வரணும்னு நாம சொல்ல முடியாதா?"

"முடிஞ்சா நான் ஏன் சார் தெனமும் நம்ம மேனேஜர பாக்கறேன்?"

"எனக்குக் கனவே வர மாட்டேங்குதும்மா."

"எல்லாருக்கும் தெனம் வருதாம் சார். தானா முழிச்சா மறந்துடும். பாதியில யாராச்சும் தட்டி எழுப்பினாத்தான் ஞாபகத்துல நிக்குமாம்."

அம்சவள்ளியிடம் சொல்லி, தூங்கும்போது தன்னைத் தட்டி எழுப்பச் சொன்னான். உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. "நைனா மறுபடி வந்தா மறந்துடக் கூடாது பாரு" என்றான். பத்தினி அலாரம் வைத்துக்கொண்டு எழுப்பினாள்.

"வந்தாரா?"

"நான் இன்னும் தூங்கவே இல்லடி."

மறுநாள் எழுப்பியபோது நிஜமாகவே ஒரு கனவு பாதியில் இருந்தது. "வந்தாரா?" என்று ஆசையோடு கேட்டாள். வந்தவர் ஒரு கஸ்டமர். ஃப்ரீ சர்வீஸில் ஆயில் மாற்றவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார்.

வாரம் பூராவும் இப்படியே போயிற்று. வீட்டில் போன தூக்கமெல்லாம் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. ஏற்கெனவே விழுப்புரத்தில் ஏறினால் திண்டிவனத்தில் கண் விழிக்கிறவன். இப்போது திண்டிவனத்திலும் விழிக்கவில்லை. ஒருநாள் கண்ணைத் திறந்தால் மேல்மருவத்தூர். அலறிக்கொண்டு எழுந்தான்.

"எழுப்பக் கூடாதாய்யா?" என்று கண்டக்டர் பச்சைமுத்துவிடம் சத்தம் போட்டான். தினமும் அதே பஸ் என்பதால் பழக்கமான மனிதர்.

"எழுப்பலாம்னுதான் வந்தேன் சார். மனசு வரல" என்றார் பச்சைமுத்து. எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸை அவரே கைகாட்டி நிறுத்தி ஏற்றிவிட்டார்.

ஷோரூமுக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. மேனேஜர் கையில் போனோடு எதிரே நின்றார். லேட்டுக்குத் திட்டப் போகிறார் என்று தமிழ்மணி தலையைக் குனிந்துகொண்டான். மேனேஜர் போனைத் திருப்பிக் காட்டினார். அதில் மேகமும் கோட்டும் தவப்புதல்வனும் இருந்தார்கள். யாரோ ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்கள்.

"இன்னா தமிழ், இவ்ளோ பெரிய விசேஷம், எங்களுக்கு ஒரு வார்த்த இல்ல. பரவால்ல, அமாவாசைக்கு நாங்க எல்லாருமே வர்றோம்."

"எதுக்கு சார் உங்களுக்கு சிரமம்" என்று இழுத்தான் தமிழ்மணி. எந்தக் கண்களுக்குப் பயந்து நைனாவை வீட்டோடு நிறுத்தினானோ, அந்தக் கண்கள் மொத்தமும் இப்போது வண்டி கட்டிக்கொண்டு வருகின்றன.

அமாவாசை வந்தது. நைனா வரவில்லை.

வீட்டுக்குள் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டுப் பிரியாணி, கூழ், கருவாடு, சர்க்கரை தூக்கலாக டீ, ஒரு கட்டு பீடி எல்லாம் வைத்தார்கள். நடுவில் குண்டூசி எடுக்காத புது வெள்ளைச் சட்டை. நைனா தோளுக்கு அந்த அளவு பத்தாது என்று பார்த்ததுமே தமிழ்மணிக்குத் தெரிந்தது. அளவு சொன்னவனும் அவன்தான். நைனா சட்டை அளவு என்ன என்று அவன் ஒருநாளும் கேட்டு வைத்ததில்லை.

கற்பூரம் காட்டி முடித்ததும் சேரன் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். செத்தவர் வந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டும், கொஞ்ச நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. அதுதான் வழக்கம். ஷாமியானாவுக்குக் கீழே தெரு பூராவும் நின்றது. யூனிஃபார்ம் போட்ட ஷோரூம் ஆட்கள் முன்வரிசை நாற்காலியில் இருந்தார்கள். பிளெக்ஸில் தெரிந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்டக்டர் பச்சைமுத்துவும் டியூட்டி மாற்றிக்கொண்டு வந்து ஓரமாக நின்றிருந்தார்.

மேனேஜர் தமிழ்மணியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். "எங்கப்பாவும் மூட்ட தூக்கினவருதான் தமிழ், செஞ்சி கமிட்டில. உங்கப்பாவ ஒருநாள் நம்ம ஷோரூமுக்குக் கூட்டிக்கினு வந்திருக்கலாம் இல்ல. நாலு வார்த்த பேசிக்கினு இருந்திருப்பேன்."

அந்த நேரம் பார்த்துச் சேரன் மைக்கைக் கொண்டுவந்து தமிழ்மணியின் கையில் திணித்தார்.

"மாமா சாப்பிடறதுக்குள்ள நம்ம தவப்புதல்வன் அந்தக் கனவ எல்லாருக்கும் அவரு வாயாலயே சொல்லுவாரு. சொல்லு மாப்ள. நல்லி எலும்பையும் சேத்து சொல்லு."

தமிழ்மணி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாத்திய கதவைப் பார்த்தான். உள்ளே நைனா நிஜமாகவே உட்கார்ந்து அந்தப் பத்தாத சட்டையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தால்?

"நைனா என் கனாவுல வரல" என்றான். தெருமுனை ஸ்பீக்கர் வரைக்கும் அது கேட்டது.

"இன்னா மாப்ள, மைக் டெஸ்டிங்கா?" என்றார் சேரன்.

"இல்ல மாமா. வரவே இல்ல. சட்டை கேட்டாருன்னது பொய். உங்கள விசாரிச்சது பொய். நல்லி எலும்பும் பொய்தான். என்ன மன்னிச்சுடுங்க."

சேரன் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இசைவாணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்சவள்ளி தரையைப் பார்த்தாள்.

"ஏன்டா இப்பிடி பண்ண?" என்றாள் அக்கா.

"எல்லார் கனாவுலயும் வர்றாரு, என்னாண்ட மட்டும் வரலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுக்கா. அவரு ஏன் வருவாரு? உன் கடைய பாக்கணும்டான்னு எத்தினி தபா கேட்டாரு. அந்தக் கைலியோட இவங்க முன்னாடி கூட்டிக்கினு போய் நிக்க அசிங்கமா இருக்குதுன்னு கடைசி வரைக்கும் நான் கூட்டிக்கினு போகல. கோவத்தோட போயிட்டாரு. இனிமே என்னாண்ட வரவே மாட்டாரு."

மைக்கைக் கீழே இறக்க மறந்து அழுதான். அழுகையும் தெருமுனை வரைக்கும் கேட்டது. பிரபாவதி "அட பாவமே" என்றாள். தேவசகாயம் மட்டும் "அப்ப பம்பு?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, எல்லோரும் முறைத்ததால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மேனேஜர் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். அது இன்னும் கேவலமாக இருந்தது தமிழ்மணிக்கு.

ஓரமாக நின்றிருந்த பச்சைமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சாத்தியிருந்த கதவை ஒருமுறை பார்த்தார், தமிழ்மணியை ஒருமுறை பார்த்தார்.

"என்ன சார் இப்பிடி சொல்றீங்க? காரியம் முடிஞ்சு நீங்க வேலைக்கு வந்த நாள்லேர்ந்து, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டினா போதும், 'ஜன்னலோரம் வந்து குந்து நைனா, இதோ ஷோரூம் வந்துடும்'னு கண்ண மூடிக்கினே நகந்து எடம் வுடறீங்க. எவ்ளோ கூட்டமா இருந்தாலும் அந்த சீட்டுல நான் இதுவரைக்கும் யாரையும் உக்கார வுட்டதில்லியே."